கிளட்ச் போச்சுன்னு சொன்னதும் கியர்பாக்ஸை இறக்க விடாதீங்க: தேய்மானமும் செலவும் பத்தி கொஞ்சம் விரிவா

கேள்வியை முதல்ல சுருக்கி சொல்லிடுறேன். சென்னையில ஒருத்தர், 2015 மாடல் வேகன்ஆர் பெட்ரோல், 72,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. கிளட்ச் பெடல் ரொம்ப டைட்டா ஆயிடுச்சு, ஃபிளைஓவர் ஏறும்போது இன்ஜின் கத்துது ஆனா வண்டி போகமாட்டேங்குது. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கிளட்ச் செட், ஃபிளைவீல் (இன்ஜினோட சேர்ந்து சுத்துற கனமான இரும்பு வட்டு), கேபிள், கியர் ஆயில், லேபர், கூடவே இன்ஜின் ஃப்ளஷ்னு ஒண்ணு, எல்லாம் சேர்த்து 14,800 ரூபாய் எஸ்டிமேட். தெரு முனை மெக்கானிக் 7,500ல முடிச்சுடலாம்னு சொல்றார். எது சரி, 72,000ல கிளட்ச் போகலாமா, அடுத்த வருஷம் வண்டியை விக்கலாம்னு இருக்கேன், அதுவரைக்கும் ஓட்டிடலாமா, இதுதான் கேட்டிருக்கார்.

ரெண்டு எஸ்டிமேட்டையும் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. நாளைக்கு காலையில வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது கிளட்ச் பெடலை கையாலயே மெதுவா அமுக்கி பாருங்க. முதல்ல கொஞ்ச தூரம் பாரமே இல்லாம லூசா போகணும், அதுக்கப்புறம்தான் ஸ்பிரிங் எதிர்க்கிறது தெரியணும். அந்த லூசு தூரத்தைத்தான் ஃப்ரீ ப்ளேன்னு சொல்றது. வேகன்ஆர் கேபிள் கிளட்ச், அதனால இது கட்டாயம் இருக்கணும், எவ்வளவுன்னு உங்க ஓனர் மேனுவல்ல போட்டிருப்பாங்க. தொட்ட உடனே டைட்டா இருந்துச்சுன்னா உங்க கிளட்ச் எப்பவுமே லேசா அமுக்கின நிலையிலதான் ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். நீங்க காலை எடுத்தாலும் கேபிள் எடுக்கல.

ஏன் அப்படி ஆகுதுன்னு நிறைய பேருக்கு தெரியாது, மெக்கானிக்குகள்லயே சில பேர் தலைகீழா புரிஞ்சு வச்சிருக்காங்க. கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீல் மேல அழுத்தி பிடிக்கிறது பிரஷர் பிளேட், அந்த அழுத்தத்தை கொடுக்குறது டயாஃப்ரம் ஸ்பிரிங், பெடலை மிதிச்சா அந்த ஸ்பிரிங்கை தள்ளி பிடியை விடுவிக்கிறது ரிலீஸ் பேரிங். கிளட்ச் பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட் ஃபிளைவீல் பக்கமா உள்ள நகரும், அப்போ டயாஃப்ரம் ஸ்பிரிங்கோட விரல் மாதிரி இருக்குற நுனிகள் எதிர்ப்பக்கம், அதாவது ரிலீஸ் பேரிங் பக்கமா வெளியே வரும். அதனால தேயத் தேய ஃப்ரீ ப்ளே குறையும், அதிகமாகாது. யாராவது அப்பப்போ கேபிள் நட்டை தளர்த்தி விட்டுக்கிட்டே இருந்தா பிரச்சனை இல்ல. யாருமே தொடலைன்னா ஒரு நாள் ப்ளே சுத்தமா போய், பேரிங் ஸ்பிரிங்கை தள்ளிக்கிட்டே இருக்கும், பிடிமானம் குறையும், கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். பிளேட்ல இன்னும் லைனிங் (உரசி தேயுற மேல் அடுக்கு) மிச்சம் இருக்கும்போதே இது நடக்கலாம். அந்த நிலைமையில பாதி உயிர் இருக்குற பிளேட்டை தூக்கி போட வச்சுடுவாங்க, வேலை என்னமோ ஒரு ஸ்பானரை வச்சு அஞ்சு நிமிஷம் நட்டை திருப்புறதுதான்.

பெடல் டைட்டா இருக்குறதுக்கும் ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு கேபிளுக்குள்ள துரு, உள்ள இருக்குற கம்பி இழை பிஞ்சு உறையில உரசுறது. இன்னொன்னு நிஜமாவே பிளேட் தேஞ்சு, டயாஃப்ரம் ஸ்பிரிங் அதோட கோணம் மாறி அமுக்குறதுக்கு அதிக பலம் கேக்குறது. கேபிளை ஃபோர்க் (ரிலீஸ் பேரிங்கை தள்ளுற நெம்புகோல்) பக்கம் கழட்டிட்டு பெடலை அமுக்கினா லேசா வழுக்கிட்டு போகணும், அப்பவும் இழுத்துச்சுன்னா கேபிள்தான் குற்றவாளி. கேபிள் விலை சில நூறு ரூபாய், மாட்டுற கூலி அதைவிட கம்மி. கேபிளை மாத்தி, ப்ளே செட் பண்ணி, ரெண்டு நாள் ஓட்டி பாருங்க. அப்பவும் வழுக்குதுன்னா அப்புறம் கியர்பாக்ஸை இறக்குறத பத்தி பேசலாம்.

வழுக்குதான்னு எப்படி பாக்குறது. ஹேண்ட்பிரேக் போட்டு நாலாவது கியர்ல கிளட்சை விட்டு இன்ஜின் ஆஃப் ஆகுதான்னு பாக்குற பழைய டெஸ்ட் ஒண்ணு எல்லாரும் சொல்வாங்க, எனக்கு அது பிடிக்காது, ஏற்கனவே பலவீனமா இருக்குற கிளட்சை அந்த ஒரு டெஸ்ட்டே எரிச்சுடும், அதோட அது முழுசா செத்த கிளட்சை மட்டும்தான் காட்டும், பாதி செத்தத காட்டாது. ரோட்டுல பாக்குறதுதான் சரி. காலியான ரோடா பாத்து நாலாவது கியர்ல 40, 45ல போய்க்கிட்டே ஆக்சிலரேட்டரை முழுசா அமுக்குங்க, ஒரு சின்ன ஏத்தமா இருந்தா இன்னும் நல்லது. ஆர்பிஎம் முள்ளும் ஸ்பீடும் ஒண்ணா மெதுவா ஏறணும். முள் மட்டும் டக்குன்னு எகிறி ஸ்பீடு அப்படியே நின்னா கிளட்ச் வழுக்குது. முள்ளும் ஏறல ஸ்பீடும் ஏறல, வண்டி சோம்பேறித்தனமா இருக்குன்னா அது கிளட்ச் இல்ல, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஃபியூயல், பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்குறதுன்னு வேற பக்கம் தேடணும். "பிக்கப் இல்ல"ன்னு வர்ற வண்டிக்கெல்லாம் கிளட்ச் மாத்திட்டு அப்புறமும் பிக்கப் இல்லாம திரும்பி வர்றது இப்படித்தான். நீங்க சொல்றத பாத்தா, இன்ஜின் கத்துது வண்டி போகலைன்னா அது வழுக்கல் மாதிரிதான் தெரியுது, ஆனா அது தேய்மானத்தால வர்ற வழுக்கலா, ப்ளே இல்லாம வர்ற வழுக்கலாங்கறதுதான் கேள்வி.

சத்தத்தையும் இங்கயே சொல்லிடுறேன். பெடலை அமுக்கும்போது மட்டும் கர்ருன்னு சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங். பெடலை விட்டிருக்கும்போது சத்தம் வந்து, அமுக்கினா நின்னு போச்சுன்னா அது பெரும்பாலும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங், அதுக்கு கிளட்ச் மாத்தி பிரயோஜனம் இல்ல. கிளம்பும்போது வண்டி தடதடன்னு உதறினா பிளேட்ல ஆயில் பட்டிருக்கலாம், ஃபிளைவீல் சூட்டுல திட்டுத்திட்டா மாறியிருக்கலாம், இல்ல இன்ஜின் மவுண்ட் கிழிஞ்சிருக்கலாம், மவுண்டை வெளியிலிருந்தே பாக்க முடியும், அதனால அதை முதல்ல பாருங்க. ரிவர்ஸ் போடும்போது பல் அரைக்குது, முதல் கியர் விழமாட்டேங்குதுன்னா அது வழுக்கலுக்கு நேர் எதிர், கிளட்ச் முழுசா விடல. ப்ளே அதிகமா இருக்கு, கேபிள் நீண்டுடுச்சு, ஹைட்ராலிக் வண்டின்னா (கேபிளுக்கு பதிலா ஃப்ளூயிட் அழுத்தத்துல கிளட்ச் வேலை செய்யுறது) காத்து ஏறிடுச்சு இல்ல லீக்.

இப்போ 72,000ல போகலாமாங்கற கேள்வி. போகலாம், 30,000லயும் போகலாம், ஒன்றரை லட்சம் ஓடினதும் இருக்கு. கிளட்சுக்கு கிலோமீட்டர் கணக்கே கிடையாதுங்கறதுதான் நான் சொல்ல வர்றது. சென்னையில இருந்து மதுரைக்கு கிட்டத்தட்ட 460 கிலோமீட்டர், அஞ்சாவது கியர்ல போட்டா கிளட்ச் ஃபிளைவீலோட ஒட்டிக்கிட்டு ஒரே வேகத்துல சுத்திக்கிட்டு இருக்கும், உரசலே கிடையாது, அதனால தேய்மானமும் கிடையாது. டோல்லயும் சாப்பாட்டு கடையிலயும் நின்னு கிளம்புறது மட்டும்தான் கணக்கு. அதே வண்டி காலையில தாம்பரத்துல இருந்து கிண்டிக்கு ஜிஎஸ்டி ரோட்டுல ஊர்ந்து போகட்டும், அந்த 16, 17 கிலோமீட்டர்ல மதுரை ட்ரிப்பை விட பல மடங்கு தேய்மானம் நடந்திருக்கும். மீட்டர் எவ்வளவு ஓடுச்சுங்கறதை விட, கிளட்ச் எவ்வளவு நேரம் வழுக்குச்சு, எவ்வளவு சூட்டுல வழுக்குச்சுங்கறதுதான் கேக்க வேண்டியது.

இதை கணக்கா போட்டு பாக்க எனக்கு பிடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. உங்க வேகன்ஆர் ஆளுங்களோட 1,100 கிலோன்னு வைங்க. முதல் கியர்ல இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல சுமார் 15 மடங்கு குறைப்பு இருக்கு. 1,200 ஆர்பிஎம்ல மெதுவா கிளட்சை விட்டு கிளம்புறீங்க, கிளட்ச் முழுசா பிடிக்கும்போது வண்டி மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துல இருக்கும். சமதள ரோட்டுல, இந்த நேரத்துல கிளட்ச் உறிஞ்சுற சூடு, வண்டிக்கு கிடைச்ச இயக்க ஆற்றலுக்கு கிட்டத்தட்ட சமம், அதாவது 3 கிலோ ஜூல் பக்கம். சின்ன அளவுதான், கிளட்ச் இதை லட்சக்கணக்கான தடவை தாங்கும். இப்போ அதே கிளம்பலை 2,400 ஆர்பிஎம்ல ஆக்சிலரேட்டரை கொடுத்துக்கிட்டே பண்ணுங்க, வேகம் ரெண்டு மடங்குன்னா ஆற்றல் நாலு மடங்கு. ரெண்டாவது கியர்ல கிளம்புங்க, முதல் கியர்ல கிளம்புறதை விட மூணு மடங்குக்கு மேல. "முதல் கியர் ரொம்ப ஜெர்க் சார், அதான் ரெண்டாவதுலயே எடுப்பேன்"னு சொல்ற ஆளுங்க தினமும் மூணு நாள் தேய்மானத்தை ஒரே நாள்ல பண்ணிக்கிட்டு இருக்காங்க.

அதைவிட மோசம் ஏத்தத்துல பிரேக் போடாம ஹாஃப் கிளட்ச்ல வண்டியை நிறுத்தி வைக்கிறது. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுற சரிவு, உங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ரேம்ப் இதை விட செங்குத்தா இருக்கும். அந்த சரிவுல உங்க வண்டி பின்னாடி உருளாம நிக்கணும்னா கிளட்ச் சுமார் 20 நியூட்டன் மீட்டர் டார்க்கை (சுழற்றுற விசையை) வழுக்கிக்கிட்டே கொடுத்துக்கிட்டு இருக்கணும், இன்ஜின் 1,500 ஆர்பிஎம்ல இருந்தா அது 3 கிலோவாட் சூடு. வீட்டு பாத்ரூம் கீசர் பெரும்பாலும் 2 கிலோவாட், அதை விட பெரிய ஹீட்டரை உங்க கிளட்ச் பெட்டிக்குள்ள ஆன் பண்ணி வச்சிருக்கீங்கன்னு நினைச்சுக்கோங்க. ஒரு செகண்ட் அப்படி நிக்கிறது ஒரு முழு கிளம்பலுக்கு சமம். கத்திப்பாரா ஃபிளைஓவர் மேல ட்ராஃபிக் நின்னு, அரை நிமிஷம் ஹாஃப் கிளட்ச்லயே ஸ்டைலா நிறுத்தி வச்சிருந்தா முப்பது தடவை கிளம்பின தேய்மானம், வண்டி ஒரு இஞ்ச் கூட நகரல. அதுவும் தொடர்ந்து வர்றதால சூடு ஆற நேரம் கிடையாது, லைனிங்கோட பிசின் வெந்து பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆயிடும், அதுக்கப்புறம் அது சாதாரண பாரத்துக்கே வழுக்கும், வழுக்குறதால இன்னும் சூடாகும். கிளட்ச் கடைசி காலத்துல வேகமா சாகுறதுக்கு இந்த சுழல்தான் காரணம்.

பேஸ்மென்ட்ல இருந்து ரிவர்ஸ்ல ஏத்துறது இருக்கே, அதுதான் என் பார்வையில நகரத்து கிளட்சோட முதல் எதிரி. ரிவர்ஸ் கியரும் முதல் கியர் மாதிரியேதான், அதனால கியர் மேல தப்பு இல்ல. ஆனா பின்னாடி தூண் இருக்கு, சுவர் இருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் வண்டி இருக்கு, பயத்துல ஆக்சிலரேட்டரை ஏத்தி வச்சுக்கிட்டு கிளட்சாலயே வேகத்தை கட்டுப்படுத்தி இஞ்ச் இஞ்சா ஏத்துவாங்க. முடிஞ்ச வரைக்கும் இறங்கும்போது ரிவர்ஸ்ல இறக்கி, ஏறும்போது முன்பக்கமா ஏத்துற மாதிரி பார்க் பண்ணுங்க.

மலை பத்தி ஒரு தப்பான பயமும் இருக்கு. கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறை 40, ஏறிட்டு வந்தா கிளட்ச் போயிடும்னு. கியரை சரியா போட்டு கிளட்சை முழுசா விட்டு ஏறினா வளைவு எண்ணிக்கை ஒரு விஷயமே இல்ல. வளைவுல முன்னாடி பஸ் நிக்கும்போது ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்திட்டு, கிளட்ச் கடிக்க ஆரம்பிச்சதும் பிரேக்கை விட்டு கிளம்ப தெரியாதவங்களுக்குத்தான் கிளட்ச் கருகுற நாத்தம் வரும். இறங்கும்போது ரெண்டாவது கியர்ல இன்ஜின் பிரேக்கிங்ல வந்தா கிளட்ச் தேயும்னு சில பேர் நியூட்ரல்ல உருட்டிட்டு வருவாங்க, அய்யோ, கிளட்ச் முழுசா பிடிச்சிருக்கும்போது எந்த பக்கம் விசை போனாலும் வழுக்கல் இல்லைன்னா தேய்மானம் இல்ல, நியூட்ரல்ல வந்தா பிரேக் சூடாகி பிடிக்காம போறதுதான் மிச்சம். மலையில ஒரு தடவை நாத்தம் வந்துச்சுன்னு உடனே கிளட்ச் செத்துடுச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, ஓரமா நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்க, மறுநாள் ரோட்டுல பாக்குற அந்த நாலாவது கியர் டெஸ்ட்ல வழுக்கலைன்னா விட்டுடுங்க.

சிக்னல்ல முதல் கியர் போட்டு கிளட்சை முழுசா மிதிச்சுக்கிட்டே நிக்கிறது, இது பிளேட்டை தேய்க்காது, பிளேட் அப்போ விடுபட்டு சும்மா இருக்கு. ஆனா ரிலீஸ் பேரிங் அந்த நேரம் முழுக்க பாரத்தோட சுத்திக்கிட்டு இருக்கும். பேரிங் என்னமோ சில நூறு ரூபாய் சாமான்தான், ஆனா அதை எடுக்கவும் கியர்பாக்ஸை இறக்கியாகணும். அதனால நியூட்ரல் போட்டு காலை எடுத்துடுங்க. ஓடும்போது பெடல் மேல காலை ரெஸ்ட்ல வைக்கிறது இன்னும் தப்பு, உங்க கால் கனமே ஃப்ரீ ப்ளேயை தின்னுடும், மேல சொன்ன அதே கதை.

சரி, செலவு. கிளட்ச் செட்னா மூணு சாமான், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். வேகன்ஆர், ஆல்டோ மாதிரி சின்ன பெட்ரோல் வண்டிக்கு நல்ல பிராண்ட் செட் ரஃப்பா 3,500ல இருந்து 5,500 ரூபாய்க்குள்ள வரும். லேபர் வெளிய 1,500ல இருந்து 2,500, கம்பெனி சர்வீஸ் சென்டர்ல அதுக்கு மேல. முன்சக்கரம் இழுக்குற வண்டிகள்ல கியர்பாக்ஸை கழட்ட டிரைவ் ஷாஃப்ட்டை உருவணும், அப்போ கியர் ஆயில் கொட்டும், அதனால கியர் ஆயில் காசு பில்லுல வர்றது நியாயம்தான், ஏமாத்து இல்ல. ஆக கியர் ஆயில், கேபிள் எல்லாம் சேர்த்து உங்க வண்டிக்கு 6,500ல இருந்து 9,500 வரைக்கும் நியாயமான பில். ஐ20, ஸ்விஃப்ட் பெட்ரோல் சைஸ் வண்டிக்கு அதுல இருந்து ரெண்டு மூணாயிரம் கூட. 1.3 டீசல் ஸ்விஃப்ட், டிசையர் மாதிரி வண்டிகள் டார்க் ஜாஸ்தி, செட்டும் பெருசு, 12,000 தாண்டி போகும்.

அதிர்ச்சி எங்கன்னா டூயல் மாஸ் ஃபிளைவீல் இருக்குற வண்டிகள்ல. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா டீசல்கள், மஹிந்திரா எக்ஸ்யூவி 500, இதுலெல்லாம் ஃபிளைவீல் ஒரே இரும்பு துண்டு இல்ல, நடுவுல ஸ்பிரிங் வச்சு ரெண்டு பாகம், டீசல் அதிர்வை உறிஞ்சுறதுக்கு. அதை லேத்துல கடையவும் முடியாது, ஸ்பிரிங் ஆட்டம் கண்டுட்டா மாத்தித்தான் ஆகணும், அது மட்டுமே 25,000 தாண்டும், செட்டும் லேபரும் சேர்ந்தா 50,000க்கு மேல சாதாரணமா போகும். பழைய டீசல் எஸ்யூவி சீப்பா கிடைக்குதேன்னு வாங்குறவங்க விலை பேசும்போதே நாலாவது கியர் டெஸ்ட் போட்டு பாக்கணும், இன்ஜினை ஆஃப் பண்ணும்போது கடகடன்னு ஒரு சத்தம் வருதான்னும் காது கொடுத்து கேக்கணும்.

ஹைட்ராலிக் கிளட்ச் வண்டிகள்ல இன்னொரு கண்ணி. ஃபோர்டு எக்கோஸ்போர்ட், ரெனால்ட் டஸ்டர் மாதிரி சில வண்டிகள்ல ஸ்லேவ் சிலிண்டர் (ஃப்ளூயிட் அழுத்தத்தை வாங்கி பேரிங்கை தள்ளுற பாகம்) ரிலீஸ் பேரிங்கோட சேர்ந்து கியர்பாக்ஸுக்கு உள்ளயே இருக்கும். கிளட்ச் மாத்தும்போது காசை மிச்சம் பண்றேன்னு பழைய சிலிண்டரையே விட்டுட்டா, ஆறு மாசத்துல அது லீக் ஆனா மறுபடி முழு லேபர், புது பிளேட் மேலயும் ஃப்ளூயிட் கொட்டும். அதை யோசிக்காம மாத்திடுங்க. அதோட ஹைட்ராலிக்ல தேய்மானத்தை சிஸ்டமே சரிக்கட்டிக்கும், ப்ளே குறையுற எச்சரிக்கை வராது, ஒரு நாள் திடீர்னு வழுக்கும்போதுதான் தெரியும்.

ஏஎம்டி வண்டி, அதாவது கிளட்ச் பெடல் இல்லாம கியரை தானே மாத்திக்கிற வண்டி வச்சிருக்கவங்க நமக்கு கிளட்சே இல்லைன்னு நினைக்காதீங்க, உள்ள அதே பிளேட்தான், உங்க காலுக்கு பதிலா ஒரு ஆக்சுவேட்டர் மிதிக்குது. ஏத்தத்துல பிரேக் போடாம ஆக்சிலரேட்டர்லயே நிறுத்தி வச்சா அதே 3 கிலோவாட் கணக்கு அங்கயும். மாத்தினதுக்கு அப்புறம் ஸ்கேனர் போட்டு கிளட்ச் கடிக்கிற இடத்தை கத்துக்கொடுக்கணும், அந்த வசதி இல்லாத இடத்துல கொடுக்காதீங்க.

இப்போ உங்க 14,800 எஸ்டிமேட்டுக்கு வர்றேன். அதுல நான் கேள்வி கேக்குற ஐட்டம் ரெண்டு. இன்ஜின் ஃப்ளஷுக்கும் கிளட்சுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, அடிச்சுட சொல்லுங்க. அடுத்தது ஃபிளைவீல். கியர்பாக்ஸை இறக்குறதுக்கு முன்னாடியே ஃபிளைவீல் போச்சுன்னு அவங்களுக்கு எப்படி தெரியும்? உங்க வண்டியில இருக்குறது சாதா ஒத்தை இரும்பு ஃபிளைவீல். திறந்து பாத்தா, மேல விரிசல் இருந்தா மாத்தணும், நீலம் பாரிச்ச திட்டு, லேசான கோடு இருந்தா லேத்துல ஒரு ஸ்கிம்மிங் (மேல்பரப்பை மெல்லிசா கடையுறது) போட்டா போதும், அது ஆயிரம் ரூபாய்க்குள்ள முடியுற வேலை. ஒண்ணுமே இல்லாம சமமா இருந்தா எமரி தேச்சு துடைச்சுட்டு மாட்டலாம். "இறக்கினதுக்கு அப்புறம் போட்டோ அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்"னு சொல்லுங்க, ஒழுங்கான இடம்னா அனுப்புவாங்க.

இன்னொன்னு, ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22ல இருந்து கார் ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாத்துக்கும் ஒரே 18 சதவீதம், அதுக்கு முன்னாடி நிறைய பார்ட்ஸுக்கு 28 இருந்துச்சு. யாராவது பழைய எம்ஆர்பி ஸ்டிக்கர் ஒட்டின சாமானை அதே பழைய விலைக்கு பில் போட்டா கேளுங்க. வாரண்டியில கிடைக்குமான்னு சில பேர் கேப்பாங்க, கிளட்ச் பிளேட், பிரேக் பேட் மாதிரி தேயுற சாமான்களை வாரண்டியில இருந்து பொதுவா ஒதுக்கிதான் வச்சிருப்பாங்க, இன்சூரன்ஸும் தேய்மானத்துக்கு தராது, பம்பர் டு பம்பர் எடுத்திருந்தாலும் அதே கதைதான்.

7,500 சொல்ற உங்க மெக்கானிக்கிட்ட கேக்க வேண்டியது வேற. என்ன பிராண்ட் போடுறார்? வேலியோ, லூக், எக்செடி, இல்ல மாருதி ஜெனுயின், இதுல எது போட்டாலும் எனக்கு ஆட்சேபனை இல்ல, லூக் கிளட்ச் நம்ம ஓசூர்லயே தயாராகுது. ஆனா டப்பா பேரை மட்டும் பாக்காதீங்க, டூப்ளிகேட் டப்பா அச்சடிக்கிறது பெரிய விஷயமே இல்ல. சென்னையில இருந்தா நீங்களே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போய் பில் போட்டு வாங்கி கொடுத்துடலாம், சேசிஸ் நம்பரை சொன்னா சரியான பார்ட் நம்பர் எடுத்து தருவாங்க. புதுப்பேட்டை பழைய பிளேட்டோ, பழைய பிளேட்டுக்கு புது லைனிங் அடிச்சு தர்றதோ காருக்கு வேண்டவே வேண்டாம், லாரிக்கு அது ஒரு காலத்து பழக்கம். உங்க வண்டிக்கு லைனிங்கை மிச்சம் பிடிச்சு ஆயிரம் ரூபாய் சேத்துட்டு, லைனிங்கை பிடிச்சிருக்குற ரிவெட் கிளம்பி ஃபிளைவீலை கீறினா அது தனி செலவு.

செட்டா மாத்தணுமா, பிளேட் மட்டும் போதுமாங்கறதுல என் கருத்து கொஞ்சம் கறார். செட்டாத்தான் மாத்தணும். ஏன்னா இந்த வேலையில காசு போறது கியர்பாக்ஸை இறக்கி ஏத்துறதுக்கு, நல்ல மெக்கானிக்கா இருந்தாலும் அரை நாள் வேலை. ரிலீஸ் பேரிங்கை விட்டுட்டு ஒரு வருஷத்துல அது கத்த ஆரம்பிச்சா மறுபடி அதே லேபர். அதே காரணத்துக்காக இறக்கியிருக்கும்போதே கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் கியர்பாக்ஸ் இன்புட் சீலையும் பாக்க சொல்லுங்க, கசிவு தெரிஞ்சா அப்பவே மாத்துங்க, சீல் விலை சில நூறு ரூபாய், அது கசிஞ்சு புது பிளேட்ல ஆயில் பட்டா பிளேட் காலி, ஆயில் குடிச்ச லைனிங்கை பெட்ரோல் ஊத்தி கழுவினாலும் சரியாகாது. பிளேட்டை சென்டர் பண்ண அலைன்மென்ட் டூல் வச்சிருக்காரான்னும் பாருங்க, இல்லாம கண்ணு மதிப்புல வச்சு கியர்பாக்ஸை திணிச்சா ஷாஃப்ட் நுனி பிளேட்டோட நடு ஹப்பை வளைச்சுடும், அப்புறம் கிளம்பும்போதெல்லாம் உதறல். ஸ்பிளைன்ல (ஷாஃப்ட்ல பிளேட் மாட்டுற பல் வரிசை) கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு போதும், அள்ளி அப்பினா சுத்துற வேகத்துல அது லைனிங் மேலதான் தெறிக்கும். கழட்டின பழைய சாமானை கையில வாங்கி பாருங்க, ரிவெட் தலைக்கு மேல லைனிங் இன்னும் நல்லா உசரமா நிக்குதுன்னா உங்ககிட்ட தேவையில்லாத வேலையை பண்ணியிருக்காங்க.

நடுவுல ஒரு விஷயம், வெள்ளத்துல நின்ன வண்டிகள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தண்ணியில நின்ன வண்டிகள்லயும், 2020 லாக்டவுன்ல மாசக்கணக்கா எடுக்காம கிடந்த வண்டிகள்லயும் கிளட்ச் பிளேட் துரு பிடிச்சு ஃபிளைவீலோட ஒட்டிக்கிட்டு கியரே விழாது. அதுக்கு உடனே செட் மாத்த வேண்டியதில்ல, பல வண்டிகள்ல மெக்கானிக் இன்ஜினை சூடாக்கி, ஆள் இல்லாத இடத்துல கிளட்சை மிதிச்சபடியே கியர்ல வச்சு ஒரு குலுக்கு குலுக்கினா விட்டுடும். நீங்களா தெருவுல ட்ரை பண்ணாதீங்க, விடலைன்னா வண்டி நேரா பாயும்.

ஒரு வருஷம் இப்படியே ஓட்டி வித்துடலாமாங்கறதுக்கு பதில், ப்ளே செட் பண்ணினதுக்கு அப்புறம் வழுக்கல் நின்னுடுச்சுன்னா ஓட்டுங்க, நல்லபடியா ஓட்டினா வருஷம் தாண்டும். ப்ளே சரியா இருந்தும் வழுக்குதுன்னா தள்ளிப்போடாதீங்க, லைனிங் ரிவெட் வரைக்கும் போயிட்டா நல்லா இருக்குற ஃபிளைவீலும் கீறல் விழுந்து அந்த 14,800 எஸ்டிமேட்டை நீங்களே உண்மையாக்கிடுவீங்க, அதோட மழை நாள்ல ஃபிளைஓவர் நடுவுல நின்னா டோயிங் காசு தனி. வாங்க வர்றவர் ஓட்டி பாத்து கிளட்சை சொல்லி 15,000 குறைப்பார், நீங்க 8,000ல மாத்தி பில்லை காட்டினா அந்த பேச்சே வராது. வழுக்காம, பெடல் மட்டும் கொஞ்சம் டைட்டா இருக்குற வண்டின்னா மாத்தாமலே விக்கலாம், அதுக்காக செலவு பண்றதுல லாபம் இல்ல.

உங்க கேஸ்ல நான் பண்றதா இருந்தா, முதல்ல ப்ளே, கேபிள். அது சரியாகலைன்னா வெளிய மெக்கானிக்கிட்டயே, சாமானை நானே வாங்கி கொடுத்து, ஃபிளைவீல் போட்டோ பாத்து முடிவு பண்ணுவேன். கம்பெனிக்குத்தான் போகணும்னா ஃப்ளஷையும் முன்கூட்டியே போட்ட ஃபிளைவீலையும் எஸ்டிமேட்ல இருந்து எடுக்க சொல்லிட்டு கொடுங்க, மிச்சம் 10,000 பக்கம் வந்தா அதுவும் தப்பான விலை இல்ல.

மாத்திட்டு எடுக்கும்போது ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, பெடல் ரொம்ப லேசாயிடும், கிளட்ச் கடிக்கிற இடமும் பழைய இடத்தை விட நல்லா கீழ இறங்கி வந்திருக்கும். உங்க கால் பழைய உயரத்துக்கே பழகியிருக்கும், அதனால முதல் நாள் வண்டி நாலஞ்சு தடவை குலுங்கும், ஆஃப் கூட ஆகலாம், அது ரிப்பேர் தப்பா பண்ணிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. முதல் சில நூறு கிலோமீட்டர் லைனிங் ஃபிளைவீலோட படியுற வரைக்கும் முழு லோடு, மலை, இழுத்து கிளம்புறதெல்லாம் வேண்டாம், சிட்டிக்குள்ள சாதாரணமா ஓட்டுங்க. ஒரு மாசம் கழிச்சு மறுபடி ஃப்ரீ ப்ளேயை பாத்துடுங்க, புது பிளேட் படிஞ்சதும் அது கொஞ்சம் குறைஞ்சிருக்கும், அதுக்கு மெக்கானிக் காசு கேக்க மாட்டார். வீட்ல வேற யாராவது ஓட்டுவாங்கன்னா சாவியை கொடுக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, குறிப்பா அந்த ரேம்ப்ல ஏத்துறதுக்கு முன்னாடி.